பேனலுக்கு ஏற்றிய கற்பூரம்

"இத்தினி நாடு சுத்திக்கினு வந்துக்கீறியே சார், உனுக்கு ரொம்பப் புடிச்ச எடம் எது?"

கும்மிடிப்பூண்டி ரயிலில் யாராவது ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதில்லை. பொன்னேரியில் நான் ஏறுகிற பெட்டியில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். தேர்வாய் கண்டிகையில், இரும்பு உருக்கும் மின்சார உலைகளைச் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். உலையை வாங்கியவர் எந்த நாட்டில் இருந்தாலும் அங்கே போய், அதை நிறுத்தி, கரண்ட் கொடுத்து, முதல் இரும்பு உருகி வெளியே வருகிற வரைக்கும் கூட இருப்பது என் வேலை. இருபது வருடங்களில் பதினோரு நாடுகள். பக்கம் தீர்ந்துபோய் இரண்டு முறை பாஸ்போர்ட் மாற்றியிருக்கிறேன்.

கேட்கிறவர்கள் பனிமலை, பாலைவனம் என்று ஏதாவது எதிர்பார்த்துக் கையில் இருக்கும் போனைக்கூட கீழே வைத்துவிடுவார்கள். நானும் ஏதாவது சொல்லி வைப்பேன். உண்மையைச் சொல்வதென்றால் எனக்கு மிகவும் பிடித்த இடம் எல்லா ஊர் விமான நிலையத்திலும் இருக்கிறது. பாஸ்போர்ட்டைப் பார்த்து முத்திரை குத்தும் அதிகாரியின் கண்ணாடிக் கூண்டைத் தாண்டியதும் வருகிற முதல் பத்தடிதான் அது. அந்தப் பத்தடியில் மட்டும் நான் நிம்மதியாக நடந்திருக்கிறேன். அதற்கு முன்னால் அவர் என் முகத்தையும் புகைப்படத்தையும் மாறி மாறிப் பார்க்கும்போது, செய்யாத குற்றமெல்லாம் செய்தவன் போல எனக்கு வியர்க்கும். அதற்குப் பின்னால் பெட்டி வருமா, அழைத்துப்போக வண்டி வருமா என்று அடுத்த பயம் தொடங்கிவிடும்.

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இதை என் மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டேன். "பதினோரு நாட்டுக்கு பிளேன்ல போற ஆளு, கரப்பான்பூச்சிய பாத்தா கட்டில் மேல ஏறி குந்திக்கிறே" என்று அவள் சிரிப்பாள். ஹனோயில் ஸ்கூட்டர்கள் வெள்ளம் போல ஓடும் சாலையைக் கடக்க பயந்துகொண்டு, எதிர்ப்பக்கத்துச் சாப்பாட்டுக் கடையைப் பார்த்தபடி மூன்று நாள் வாழைப்பழம் தின்றேன். நான்காம் நாள், காய்கறிக் கூடை சுமந்த ஒரு அம்மாள் என் நிலைமையைப் பார்த்து, சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அந்தப் பக்கம் விட்டாள். ஓமானில் மலைகளுக்கு நடுவே பச்சைத் தண்ணீர் நிற்கும் ஒரு பள்ளத்தாக்கு உண்டு. கூட வந்தவர்கள் எல்லாம் குதித்துக் குளித்தார்கள். நான் மேலே உட்கார்ந்து செருப்புகளுக்குக் காவல் இருந்தேன். ஆனாலும் அந்தத் தண்ணீரின் நிறத்தை அவர்களைவிட நான்தான் நன்றாகப் பார்த்தேன்.

நிஜமாகவே என் மனதுக்குப் பிடித்த ஊர் என்று ஒன்று இருக்கிறது. எத்தியோப்பியாவில், தலைநகரத்திலிருந்து வண்டியில் இரண்டு மணி நேரம் போக வேண்டும். அந்த ஊரைப் பற்றி ரயிலில் யாரிடமும் நான் வாய் திறந்ததில்லை.

அது உயரமான பூமி. நான்கு படி ஏறினால் எனக்கு மூச்சு வாங்கும். சுற்றிலும் தைல மரங்கள், அந்த இலை வாசனையோடு காலையில் குளிர் இறங்கும். நான் போன இரும்பு ஆலையின் தலைமை எலெக்ட்ரீஷியனுக்குக் கிட்டத்தட்ட என் வயது. நெட்டையான மனிதர். நான் மூச்சு வாங்குவதைப் பார்த்துவிட்டு, எனக்காக ஷூ கயிற்றைக் கட்டுவது போல வழியில் குனிந்து குனிந்து நிற்பார். எனக்கு வெட்கமாக இருக்கக் கூடாது என்று அப்படிச் செய்கிறார் என்பது எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் புரிந்தது. இரண்டு பேருக்கும் உடைந்த ஆங்கிலம்தான். அவர் நம் 'சரி'யைக் கற்றுக்கொண்டார், நான் அவர்களுடைய 'இஷி'யைக் கற்றுக்கொண்டேன். இரண்டுக்கும் ஒரே அர்த்தம். அந்த இரண்டு சொற்களை வைத்தே பாதி வேலையை முடித்தோம்.

மதியம் ஒரே தட்டில் சாப்பிடுவோம். நம் ஆப்பத்தைப் புளிக்க வைத்து, பாய் அளவுக்கு ஊற்றியது போல ஒரு பண்டம், அதன் மேல் குழம்பு. பிரியமானவர்களுக்கு ஒரு கவளம் உருட்டி வாயில் ஊட்டிவிடுவது அங்கே வழக்கம். முதல் தடவை அவர் கையை என் வாயருகே கொண்டு வந்தபோது நான் பின்னால் நகர்ந்துவிட்டேன். பிறகு வாயைத் திறந்தேன். கல்யாணப் பந்திக்குப் பிறகு எனக்கு யாரும் ஊட்டிவிட்டதில்லை, கண் கலங்கிவிட்டது. குழம்பு காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

இப்போது எங்கள் தொழிலில் இருக்கும் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். புதுப் பேனலுக்கு முதல் தடவை கரண்ட் கொடுப்பதை 'சார்ஜ் பண்ணுவது' என்போம். பேனல் என்பது ஆளுயர இரும்பு அலமாரி, உலைக்கான மின்சாரம் முழுவதும் அதற்குள்ளேதான் ஓடும். தேர்வாய் கண்டிகையில் எந்தப் பேனலையும் பூஜை போடாமல் சார்ஜ் பண்ண மாட்டோம். மஞ்சள், குங்குமம், எலுமிச்சம்பழம், கற்பூரம். ஆறடி தள்ளி நின்று நீளக் கழியால் சுவிட்சைப் போடச் சொல்கிற வேலை இது, தவறினால் ஆள் கரியாகிவிடுவான். அதனால் பக்தி இல்லாதவன்கூட அந்த நேரத்தில் கன்னத்தில் போட்டுக்கொள்வான். ஒரு வெளிநாட்டில் நேரமில்லை என்று பூஜை போடாமல் சார்ஜ் பண்ணி, பேனல் வெடித்து, என் இரண்டு புருவங்களும் கருகிவிட்டன. காரணம் ஒரு தளர்ந்த போல்ட் என்று அறிக்கையில் நானே எழுதினேன். ஆனால் அன்றிலிருந்து என் டூல் பெட்டியில் ஸ்பேனரை மறந்தாலும் கற்பூரத்தை மறந்ததில்லை.

எத்தியோப்பியாவில் அந்த ஆலையின் பேனல் ரூமில் தீயை அணைக்கத் தண்ணீர் கிடையாது, மின்சாரம் இருக்கும் இடத்தில் தண்ணீர் ஆகாது. கூரையில் இருக்கும் கருவி புகையை முகர்ந்தால் சைரன் அடிக்கும். முப்பது விநாடி கழித்து, வரிசையாக நிற்கும் சிலிண்டர்களிலிருந்து கரியமில வாயு பீறிட்டு அறையை நிரப்பும். தீ மூச்சுத் திணறி அணையும். உள்ளே ஆள் இருந்தால் அவனுக்கும் அதே கதிதான். முதல் நாளே அந்த ஆலையின் பாதுகாப்பு அதிகாரி இதையெல்லாம் விளக்கி, உள்ளே நெருப்பு கூடாது என்ற காகிதத்தில் என்னிடம் கையெழுத்து வாங்கியிருந்தார். சார்ஜ் பண்ணும் நாள் காலையில்தான் அந்த ஏற்பாட்டை முழுதாக இயக்கி வைத்தார்கள். எனக்கு அதுவும் தெரியும்.

தெரிந்தேதான் செய்தேன். புருவம் கருகிய பயம் அந்தக் கையெழுத்தைவிடப் பெரியதாக இருந்தது. ஒரே ஒரு சின்ன வில்லைதானே, இம்மாத்தூண்டு புகை எவ்வளவு உயரம் போய்விடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எல்லாரும் மதியச் சாப்பாட்டுக்குப் போகும் நேரமாகப் பார்த்து உள்ளே போனேன். பேனலுக்கு முன்னால் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்து, ஒரு தகரத் துண்டின் மேல் கற்பூரத்தை ஏற்றி, மூன்று சுற்று காட்டினேன். கண்ணை மூடி, என் பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கும்பிட்டேன்.

கண்ணைத் திறப்பதற்குள் சைரன் அலறியது.

அடுத்து நான் செய்ததை யாரிடமும் சொன்னதில்லை, இங்கேதான் முதல்முறையாக எழுதுகிறேன். கற்பூரத்தை ஊதி அணைத்தேன். பேனல் கதவில் கறுப்பாகக் கரி படிந்திருந்தது. அதைச் சட்டைக் கையால் துடைத்தேன், போகவில்லை, எச்சில் தொட்டுத் துடைத்தேன். எலுமிச்சம்பழத்தையும் தகரத்தையும் பையில் போட்டுக்கொண்டேன். முப்பதில் பத்து விநாடியாவது அதில் போயிருக்கும். பிறகு வாசலுக்கு ஓடினேன். ஓடும்போதுதான் மூலையில், தரையில் இருக்கும் சதுர மூடி திறந்து கிடப்பதைப் பார்த்தேன். கீழே டார்ச் வெளிச்சம் அசைந்தது.

பேனல் ரூமுக்கு அடியில் கேபிள்கள் ஓடும் தாழ்வான அறை ஒன்று உண்டு. வாயு அங்கேயும் இறங்கும். கனமான வாயு என்பதால் மேலே இருப்பதைவிட அங்கேதான் அதிகம் தேங்கும். எலெக்ட்ரீஷியன் ஒரு கேபிள் முனையைச் சரிபார்க்க இறங்கியிருந்தார். சாப்பாட்டுக்குப் போய்விட்டார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கம்ப்ரஸரின் இரைச்சலுக்காகக் காதில் அடைப்பான் மாட்டியிருந்தார். சைரன் அவர் காதில் விழவே இல்லை.

கத்தினேன். அவர் திரும்பவில்லை. வாசல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு கணம் வாசலைத்தான் பார்த்தேன், இதையும் மறைக்க விரும்பவில்லை. பிறகு எப்படியோ ஏணியில் இறங்கி அவர் முதுகில் அறைந்தேன். திடுக்கிட்டுத் திரும்பி என் முகத்தைப் பார்த்ததும் ஆபத்து என்று அவருக்குப் புரிந்துவிட்டது. என்னை முதலில் ஏணியில் தள்ளினார். ஆமாம், காப்பாற்றப் போனவனை அவர்தான் முதலில் மேலே ஏற்றினார். நான் மூடியைத் தாண்டிக் கால் வைத்த நொடியில் வாயு பீறிட்டது. அத்தனை சத்தத்தை நான் கேட்டதில்லை. அறை வெள்ளையாகிவிட்டது, காது மடல் உறைந்தது, மூச்சை இழுத்தால் மூக்கில் ஊசி குத்தியது. அவர் சட்டைக் காலர் என் கையில் மாட்டியது. அதை விடாமல் இழுத்துக்கொண்டு வாசலில் வந்து விழுந்தேன். அவர் கண்கள் மேலே செருகியிருந்தன.

நான்கு நிமிடம் கழித்து இருமினார். அந்த நான்கு நிமிடம் என் ஆயுளில் பாதியைத் தின்றுவிட்டது. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார்.

விசாரணை நடந்தது. பாதுகாப்பு அதிகாரி நிதானமாகக் கேட்டார். "உள்ளே ஏதாவது எரிந்ததா? நீங்கள் என்ன பார்த்தீர்கள்?"

என் பாஸ்போர்ட் விசாவை நீட்டிப்பதற்காக அந்த ஆலையின் அலுவலகத்தில் இருந்தது. ஆளைக் கொல்லப் பார்த்தான் என்று கேஸ் போட்டால்? அந்த ஊர்ச் சிறை எப்படி இருக்கும்? என் மனைவி சென்டிரல் ஸ்டேஷனில் இறங்கினாலே எந்தப் பக்கம் போவதென்று போன் போட்டுக் கேட்பவள். அவள் என்னை எங்கே வந்து தேடுவாள்?

"சைரன் கேட்டுத்தான் உள்ளே ஓடினேன். நான் எதுவும் பார்க்கவில்லை" என்றேன்.

எலெக்ட்ரீஷியன் சட்டைப் பையில் ஒரு லைட்டர் கிடைத்தது. கேபிள் முனையில் மாட்டும் பிளாஸ்டிக் உறையைச் சுருக்க எல்லா எலெக்ட்ரீஷியன்களும் லைட்டர் வைத்திருப்பார்கள். அவரும் அதைத்தான் சொன்னார். ஆனால் ஒரு காலத்தில் அவர் நிறையப் புகைபிடித்தவர். மாதா கோயிலில் சத்தியம் செய்து, அந்தப் பழக்கத்தை விட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒளிந்து சிகரெட் பிடிக்கக் கீழே இறங்கினார் என்று முடிவு கட்டினார்கள். அவர் தலைமைப் பொறுப்பைப் பறித்து ஸ்டோருக்கு அனுப்பினார்கள். "ஒரு வாசனை வந்தது, மருந்து போல ஒரு வாசனை, சிகரெட் இல்லை" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னாராம். யாரும் காதில் வாங்கவில்லை.

நான் கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை என்னைத் தன் வீட்டுக்கு அழைத்தார். போகாமல் இருக்க வயிற்றுவலி வரைக்கும் யோசித்தேன். போனேன். அவர் மனைவி வாசலில் என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நம் சாம்பிராணி போலத் தணலில் ஏதோ போட்டுப் புகை காட்டினாள். பச்சைக் காப்பிக்கொட்டையை அங்கேயே வறுத்து, வாசனை பிடிக்கும்படி சட்டியை எங்கள் முகத்தருகே கொண்டு வந்தாள். மண் கூஜாவில் காய்ச்சி மூன்று சுற்று கொடுத்தாள். மூன்றாவது சுற்று ஆசீர்வாதமாம், அதைக் குடிக்காமல் எழுந்திருக்கக் கூடாது. அதுபோல ஒரு காப்பியை நான் எந்த நாட்டிலும் குடித்ததில்லை. அதுபோல பயந்துகொண்டு எதையும் விழுங்கியதும் இல்லை.

மூன்றாவது கோப்பையைக் கையில் கொடுத்துவிட்டு அவள் கணவனிடம் ஏதோ சொன்னாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு ஆங்கிலத்தில் சொன்னார். "என் மனைவி கேட்கிறாள். நீங்கள் அங்கே இருந்தீர்கள். நான் புகைபிடித்தேனா? மகன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன், அவள் நம்பவில்லை. நீங்கள் சொன்னால் நம்புவாளாம்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் இல்லை என்றால், பிறகு எங்கிருந்து வந்தது புகை என்று அடுத்த கேள்வி வரும். பாஸ்போர்ட் இன்னும் அலுவலகத்தில்தான் இருந்தது.

"நான் பார்க்கவில்லை" என்றேன்.

அவர் அதை மொழிபெயர்த்தார். அவள் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஊருக்கு வந்தபோது, வெளிநாட்டில் ஒரு உயிரைக் காப்பாற்றியவன் என்று கம்பெனியில் சால்வை போட்டார்கள். என் மனைவி அந்தப் படத்தை ஹாலில் மாட்டினாள். ரயிலில் பேசிக்கொண்டார்கள். நான் கற்பூரத்தை டூல் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டேன். எத்தியோப்பியர்களுக்குச் செப்டம்பரில் புத்தாண்டு வரும். வருடா வருடம் அன்றைக்கு எலெக்ட்ரீஷியன் வீடியோ காலில் வருவார், என்னைத் தம்பி என்று அழைப்பார். அவர் மனைவி பின்னாலிருந்து கையசைப்பாள். செப்டம்பர் பிறந்தாலே எனக்குத் தூக்கம் கெடும். மூன்று வருடம் ஸ்டோரில் பல்பும் திருகும் எடுத்துக் கொடுத்துவிட்டு, வேறொரு புது ஆலைக்கு மாறினார். அந்தப் புது ஆலை எங்கள் கம்பெனியிடம் ஒரு உலை வாங்கியது.

வாங்குகிறவர்கள் சரக்கு கப்பலேறுவதற்கு முன் ஆள் அனுப்பிச் சோதனை பார்ப்பது வழக்கம். போன வருடம் ஒரு திங்கட்கிழமை, வருகிறவரின் பாஸ்போர்ட் நகலை என் மேஜையில் வைத்தார்கள். அவர் முகம்தான்.

அவர் கண் எதிரே பேனலை சார்ஜ் பண்ணுவார்கள். அதற்கு முன்னால் பூஜை போடுவார்கள். அந்த வாசனை அவர் மூக்கில் ஏறும். நேராகப் போய் எங்கள் ஃபோர்மேனிடம் நின்றேன். அவர் பழவேற்காட்டு மீனவக் குடும்பத்துக்காரர், அந்தக் குடும்பத்தில் தொழிற்சாலைக்கு வந்த முதல் ஆள்.

"இந்த ஒரு தடவை கற்பூரம் வேணாம். பூ மட்டும் வச்சிக்கலாம்" என்றேன்.

"இன்னா சார் பேசறே?" என்றார். "எங்க ஊட்ல மூங்கில் கழிய வச்சித் தள்ற படகுக்கே கற்பூரம் காட்டிட்டுதான் தண்ணில எறக்குவோம். இம்மாம் பெரிய பேனலு. எவனுக்குனா எதுனா ஆயிட்ச்சினா, அவன் பொண்டாட்டி கிட்ட நீ வந்து பதில் சொல்றியா?"

அவர் பாட்டுக்கு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

சென்னை விமான நிலையத்தில் எலெக்ட்ரீஷியன் என்னைக் கட்டிப்பிடித்து, அவர்கள் வழக்கப்படி தோளோடு தோள் இடித்தார். முடி நரைத்திருந்தது. செங்குன்றம் தாண்டி லாரிகளுக்கு நடுவே கார் ஊர்ந்துகொண்டிருந்தபோது சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை தொண்டையைச் செருமினேன். இரண்டு முறையும் அவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

காலையில் எங்கள் வீட்டில்தான் நாஷ்டா. என் மனைவிக்கு ஒரு வெள்ளைச் சல்லாத் துணியும், தன் மனைவி வறுத்துக் கொடுத்த காப்பிக்கொட்டையும் கொண்டுவந்திருந்தார். என் மனைவிக்கு ஒரே பூரிப்பு. இட்லியை வைத்துக்கொண்டே அவரிடம் தமிழிலேயே சொன்னாள். "எங்க ஊட்டுக்காரு மட்டும் அன்னிக்கி எறங்காட்டி, இன்னிக்கி நீங்க இங்க வந்து குந்தி துன்ன முடியுமாண்ணா?"

என்ன சொல்கிறாள் என்று அவர் என்னைப் பார்த்தார். "சட்னி காரமா என்று கேட்கிறாள்" என்றேன். "இஷி, சரி, சரி" என்று அவர் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

பத்தரை மணிக்குப் பட்டறையில் எல்லாரும் கூடினார்கள். பேனலுக்கு மாலை போட்டிருந்தது. மஞ்சள், குங்குமம் எல்லாம் வைத்து, ஃபோர்மேன் தாம்பாளத்தில் கற்பூரத்தை ஏற்றினார். எலெக்ட்ரீஷியனைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன்.

அவர் மூக்கு முதலில் அசைந்தது. பிறகு முகம் மாறியது. இரண்டு அடி முன்னால் போய், தாம்பாளத்தின் மேல் குனிந்து, கண்ணை மூடி இழுத்து முகர்ந்தார். திரும்பியபோது அவர் முகத்தில் கோபம் இல்லை. தொலைத்த பொருள் கிடைத்தது போல ஒரு சந்தோஷம் இருந்தது.

"இதுதான்! அன்றைக்கு வந்த வாசனை இதுதான்!" என்றார். என் கையைப் பிடித்து உலுக்கினார். "நான் சொன்னேனே, யாரும் கேட்கவில்லை. இப்போது புரிகிறது. உங்கள் பேனல் இங்கிருந்துதானே வந்தது? இந்தப் புகை அதன் பெயின்டில் தங்கியிருக்கும். பேனலுக்குள் ஈரம் போக்க வைத்திருந்த ஹீட்டரில் சூடானதும் வாசனை வந்திருக்கும். அதனால்தான் சைரன் அடித்திருக்கும். அப்படித்தானே?"

அவரே எனக்கு ஒரு வழியைத் திறந்துவிட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். ஒருவர் பேரிலும் தப்பில்லை, பெயின்ட் பேரில் தப்பு. என்னைத் தப்பவிடுவதற்காகச் சொல்லவில்லை, என்னைச் சந்தேகப்பட அவருக்குத் தோன்றவே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

"இன்னா சார் சொல்றாரு?" என்று ஃபோர்மேன் கேட்டார்.

வாழ்நாளில் அவ்வளவு பயந்ததில்லை, அந்த வாயு பீறிட்ட நாளில்கூட இல்லை.

"பெயின்ட் இல்லை" என்றேன் ஆங்கிலத்தில். "அன்று மதியம் நான் உள்ளே இருந்தேன். இதை ஏற்றியது நான்."

புரியாதது போல நின்றார். மறுபடி சொன்னேன். பிடித்திருந்த என் கையை மெதுவாக விட்டார். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவர் தாம்பாளத்தைப் பார்த்தார், பேனலைப் பார்த்தார், சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். பக்கத்தில் இருந்த அலுவலக அறைக்குள் நடந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

போனில் அவர் மனைவியின் முகம் வந்தது. சமையலறையில் இருந்தாள். அவர் திரையை என் பக்கம் திருப்பினார். என்னைப் பார்த்ததும் அவள் முகமெல்லாம் சிரிப்பானது. அவர்கள் மொழியில் தம்பி என்றாள்.

"அவளிடம் சொல்லுங்கள்" என்றார் அவர்.

சொன்னேன். நான்தான் நெருப்பு வைத்தேன், இவர் புகைபிடிக்கவில்லை, அன்றைக்கு உங்கள் வீட்டில் நான் பொய் சொன்னேன். என் ஆங்கிலம் அவளுக்குப் புரியாது. ஒவ்வொரு வாக்கியத்தையும் அவர்தான் அவளுக்கு மாற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. நான் நிறுத்துவேன், அவர் சொல்வார், நான் தொடர்வேன். புகைபிடிக்கவில்லை என்ற இடத்தில் அவர் குரல் உடைந்துவிட்டது. அதையே இரண்டு தடவை சொன்னார். அதற்காக அவர் ஆறு வருடம் காத்திருந்தார்.

அவள் அழவில்லை, கத்தவில்லை. முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். என்னை ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. திரைக்கு வெளியே நின்ற அவரைத் தேடிக்கொண்டிருந்தாள். அவர் போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வது எனக்குக் கேட்டது. அவர் தலையை ஆட்டி ஆட்டி, வேண்டாம் வேண்டாம் என்பது போலப் பதில் சொன்னார்.

"என்னைத் திட்டுகிறார்களா?" என்று கேட்டேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இல்லை. மன்னிப்புக் கேட்கிறாள்" என்றார். "என்னிடம்."

அதுவரைக்கும் நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கவில்லை.